உன்னை நம்பித்தான் குடுக்கேன்

அக்கா மகளுக்கு ஞானஸ்நானம் முடிந்து ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. ஊர் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். படம் எடுத்த பையன் நல்ல வேலைக்காரன். ஃபாதர் கேள்வி கேட்கிற இடத்தில் எங்கள் நான்கு பேர் முகத்தையும் கிட்டத்தில் வைத்து எடுத்திருக்கிறான். "விண்ணையும் மண்ணையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா?" அக்காவின் வாய் அசைகிறது. அத்தானின் வாய் அசைகிறது. ஞானத்தாயாக, அதாவது பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்று, நின்ற அத்தானின் தங்கை வாய் அசைகிறது. ஞானத்தகப்பனாக நின்ற என் வாய் அசையவில்லை. இரண்டாவது கேள்விக்கும் அசையவில்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் "நம்புகிறேன்" என்கிறேன், அதுவும் மற்ற மூவரும் சொல்லி முடித்த பிறகு, தனியாக. கூடத்தில் இருந்தவர்கள் பாப்பா கொட்டாவி விட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற காட்சி வந்ததும் டிவி பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளிடம் நேரில் பாதி சொன்னேன். மீதி எனக்கே பிடிபடாமல் இருந்தது.

கோயம்புத்தூரில் வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கோயிலோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சண்டை இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும். நான் சும்மா விட்டுவிட்டேன். முதலில் இரவு வேலை, ஞாயிறு தூக்கம். பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா என்று மூன்று நாளாகச் சுருங்கியது. அந்த மூன்று நாளும்கூட அம்மாவுக்காகத்தான். ஜெபம் சொல்கிற பழக்கம் எந்த ராத்திரியில் நின்றது என்று யோசித்துப் பார்த்தாலும் ஞாபகம் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. "நீதான் ஞானத்தகப்பன். அத்தானும் சரின்னுட்டாவ." சரி என்றேன். யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன். நான் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் பிள்ளை உட்காரும், சீர் நான்தான் வைப்பேன். அதோடு சேர்ந்து இது இன்னொன்று. அம்மாவும் அப்படித்தான் கணக்குப் போட்டாள்: ஒரு பவுன் சங்கிலி, வெள்ளைக் கவுன், தொட்டில், கோயிலுக்குக் காணிக்கை. சங்கிலி வாங்கப் போன கடையில் நானும் அம்மாவும் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். வாக்குறுதியைப் பற்றி ஒன்றரை நிமிஷம்கூடப் பேசவில்லை.

எந்த அன்பியம்?

ஊர்க் கோயில் ஃபாதர் என் பங்கிலிருந்து, அதாவது நான் இப்போது இருக்கிற இடத்துக் கோயிலிலிருந்து, கடிதம் வேண்டும் என்றார். திருச்சபைச் சட்டம் ஞானப்பெற்றோருக்கு வைத்திருக்கிற நிபந்தனைகள் பெரிதாக ஒன்றும் இல்லை: பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், பூசையில் தருகிற நற்கருணை வாங்கியிருக்க வேண்டும், விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்கான உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், பிள்ளையின் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. ஆண் ஒருவரோ பெண் ஒருவரோ போதும். இருவர் என்றால் ஆணும் பெண்ணுமாக நிற்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பொருந்தியது. ஏற்கிற பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்க்கை வாழ்கிறவராக இருக்க வேண்டும் என்று இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் கடிதம்.

கோயம்புத்தூரில் என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கோயில் இருக்கிறது. அங்கே பங்குத் தந்தையைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த அன்பியம்?" பங்கை இருபது முப்பது குடும்பம் கொண்ட குழுக்களாகப் பிரித்து, மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, பைபிள் வாசித்து, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பேசுகிற கூட்டம் அது. என் தெரு எந்த அன்பியத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் இருந்த ஊர். அவர் திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. நாலு ஞாயிறு பூசைக்கு வாங்க, அப்புறம் எழுதித் தருகிறேன் என்றார். நான்கு ஞாயிறும் போனேன்.

நான்காவது ஞாயிறு கடிதம் எழுதுகிறபோது, "ஞானத்தந்தை எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பெற்றவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையை வளர்க்க என்று சொன்னேன். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, காப்பாளரை நியமிக்க 1890இலேயே சட்டம் வந்துவிட்டது. ஞானத்தந்தை என்பதற்காக எந்த நீதிபதியும் பிள்ளையை உங்கள் கையில் தரமாட்டார் என்றார். "பெத்தவங்க உயிரோட நல்லா இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. அந்தப் பிள்ளை ஒருநாள் கடவுள் இருக்காரான்னு கேட்கும். அம்மா அப்பாகிட்ட கேட்காது. உங்ககிட்ட வரும்." கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஊருக்குப் போகிற வழியெல்லாம் அதைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆச்சி சொன்ன தடை

ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் சாயங்காலம் ஊர் வீடு நிறைய ஆள். ஆச்சிக்கு எண்பத்தாறு வயது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. யாரு ஞானத்தகப்பன் என்று கேட்டாள். நான் என்றதும் முகம் சுளித்தாள். "தாய்மாமன் எப்படிலே ஞானத்தகப்பன் ஆவான்? முறை அத்துப் போகாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முப்பத்துநாலு வயது, பிள்ளைக்கு மூன்று மாதம். ஆனால் ஆச்சி விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் காலத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது நடக்கிற காரியம். முறை உள்ளவனை ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தொடவிடமாட்டார்களாம். தொட்டுவிட்டால் தகப்பன் ஆகிவிட்டான், பிறகு கட்ட முடியாது. "ரத்தத்துக்குச் சாமிகிட்ட உத்தரவு வாங்கலாம். தண்ணிக்கும் வாங்கணும். ரெண்டுக்குமா போய் நிப்பாக?" சாமி என்று அவள் சொன்னது ஃபாதரை.

ராத்திரி படுத்துக்கொண்டு போனில் தேடிப் படித்தேன். ஆச்சி சொன்னது அப்படியே சட்டத்தில் இருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே, ஞானப்பெற்றோருக்கும் பெற்றவருக்கும் இடையே ஞான உறவு உண்டாகிறது, அது திருமணத்துக்குத் தடை என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் இந்த வலை இன்னும் அகலமாக இருந்திருக்கிறது. 1563இல் திரிதெந்து சங்கம் என்ற ஆயர்கள் பேரவை அதைக் குறுக்கியபோதும், ஞானப்பெற்றோருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இடையே உள்ள உறவு தடையாகவே தொடர்ந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில்தான் எங்களைப் போன்றவர்கள் சேர்ந்த இலத்தீன் திருச்சபைக்கு இந்தத் தடை போனது. தனிச் சடங்குமுறை உள்ள கத்தோலிக்கக் கீழைத் திருச்சபைகளுக்கு 1990இல் வந்த தொகுப்பில் அது இன்றும் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், தக்கலையில் சீரோ மலபார் மறைமாவட்டமும் மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை மறைமாவட்டமும் இருக்கின்றன. அங்கே ஞானத்தந்தை இன்றைக்கும் சட்டப்படி சொந்தக்காரர்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாமன் மகள், அத்தை மகன், கட்டுகிற முறை, கட்டாத முறை என்று உறவைத் துல்லியமாக எண்ணி வைத்திருக்கிற சனம் நாம். யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதிலிருந்து யார் பந்தலில் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை நமக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கையே மாற்றி எழுதுகிற பலம் மூன்று கை தண்ணீருக்கு இருந்திருக்கிறது. ஆச்சிக்கு அது தெரிந்திருந்தது. நானோ தாய்மாமன் சீர்வரிசையில் ஒரு தட்டு கூடியிருக்கிறது என்று நினைத்து வந்திருந்தேன். தாய்மாமனாக இருக்க நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்ததே போதும். ஞானத்தகப்பன் ஆவதற்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல் என்னிடம் இருக்கிறதா என்று அப்போதுதான் பயம் வந்தது.

ஆச்சி இன்னொன்றும் சொன்னாள். அவள் பெற்ற ஆறு பிள்ளைகளில் ஒன்றின் ஞானஸ்நானத்துக்குக்கூட அவள் கோயிலில் நிற்கவில்லை. எட்டாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பெற்றவள் வீட்டில் படுத்திருப்பாள். ஞானத்தாய்தான் தூக்கிக்கொண்டு போவாள், பிள்ளைக்காகப் பேசுவாள், திரும்பக் கொண்டுவந்து மடியில் போடுவாள். "பிள்ளையைப் புறசமயமாத் தந்தே, கிறிஸ்தவமாத் தாறேன், பிடி அப்படின்னு சொல்லித் தருவாக." பழைய சடங்கு முறையில் ஃபாதர் குழந்தையைப் பார்த்துத்தான் கேட்பார், ஞானப்பெற்றோர் குழந்தையின் வாயாக இருந்து பதில் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் வந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் இது மாறிவிட்டது. திருமுழுக்கு என்பதும் ஞானஸ்நானம்தான். இப்போது கேள்வி பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பார்த்து வருகிறது. உங்கள் சொந்தத் திருமுழுக்கை நினைத்துப் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்

காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டி, நான் வாங்கிய வெள்ளைக் கவுனைத் தனியே பையில் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையை என் கையில் தந்தாள். நான் கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்தாள். "தம்பி, உன்னை நம்பித்தான் குடுக்கேன்" என்றாள். கழுத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் என்னோடு கோயிலுக்கு வந்துவிட்டது.

வாசலில் வைத்துப் பெயர் கேட்டார்கள். பெற்றோருக்கு உதவியாக இருக்கத் தயாரா என்று என்னையும் ஞானத்தாயையும் கேட்டார்கள், தயார் என்றோம். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஃபாதர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு அக்கா, அத்தான், பிறகு நாங்கள். அவ்வளவு சிறிய நெற்றியில் என் பெருவிரலை வைத்து நான் எதையும் வரைந்ததில்லை. பிறகு வாசகம், மன்றாட்டு, நெஞ்சில் எண்ணெய், தண்ணீர் மந்திரிப்பு. பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விகளுக்கும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நம்புகிறீர்களா.

சின்ன வயதில் இந்த வார்த்தை எனக்கு "விசுவசிக்கிறேன்" என்று பழக்கம். ஆச்சி சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணம் அது: "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்." அது கோயிலுக்கென்று வைத்திருக்கிற வார்த்தை, வெளியில் யாரையும் நாம் விசுவசிப்பதில்லை. அர்த்தம் பாராமல் சொல்லிவிடலாம். "நம்புகிறேன்" அப்படி இல்லை. கடனுக்குச் சாமான் தருகிற கடைக்காரர் சொல்கிற வார்த்தை. போட்டில் கூடப் போகிறவன் சொல்கிற வார்த்தை. பிள்ளையைக் கையில் தரும்போது அக்கா சொன்ன வார்த்தை. அவள் அதைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் என்னை நம்பியதைப் போல நான் கடவுளை நம்புகிறேனா என்று அந்த இடத்தில் என்னை நானே கேட்டேன். பதில் வரவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை, அதுவும் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு. முதல் கேள்வி போனது. இரண்டாவதும் போனது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று இங்கே அழகாக எழுதிவிட முடியும். அப்படி எழுத எனக்கு மனசில்லை. உள்ளங்கையில் அவள் தலை சூடாக இருந்தது, கொஞ்சம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான் உறுதியாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது கேள்வி நீளமானது. தூய ஆவி, திருச்சபை, புனிதர்களின் உறவு, பாவ மன்னிப்பு, உடலின் உயிர்ப்பு, நிலைவாழ்வு. அதில் "உறவு" என்ற சொல் காதில் விழுந்தது. முந்தின ராத்திரி முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தது அதைத்தான். ரத்தம் இல்லாமல் உண்டாகிற உறவு, செத்துப்போனவர்களையும் இன்னும் பிறக்காதவர்களையும் சேர்த்துக் கட்டுகிற உறவு. புனிதர்களின் உறவு என்பது ஆச்சி மொழியில் "அர்ச்சிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்." அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போன ஞானத்தாயிலிருந்து என் கையில் இருக்கிற இந்தத் தலை வரை அது வந்திருக்கிறது, நான் அதன் நடுவில் நிற்கிறேன். அந்த ஒன்றுக்காகச் சொன்னேன். கூட்டத்தோடு சேர்ந்து சொல்லத் தவறிவிட்டதால் தனியாகக் கேட்டது.

பிறகு தண்ணீர், உச்சியில் கிறிஸ்மா தைலம், வெள்ளை உடை. பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரியைப் பற்றவைக்கும்போது அத்தான் கை நடுங்கியதால் நான் வாங்கிப் பற்றவைத்தேன். காதையும் வாயையும் தொட்டு, திறக்கப்படு. எல்லாம் நடந்தது.

இரண்டு நோட்டு

அன்று என் பெயர் இரண்டு நோட்டில் ஏறியது. ஒன்று மண்டப வாசலில் சித்தப்பா எழுதிய மொய் நோட்டு: தாய்மாமன், ஒரு பவுன் சங்கிலி. இன்னொன்று பங்கு அலுவலகத்தில் இருக்கிற தடித்த பதிவேடு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், கொடுத்த குரு, ஞானப்பெற்றோர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. என் பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மொய் நோட்டுக் கணக்கு அடுத்த விசேஷத்தில் தீர்ந்துவிடும். பதிவேட்டுப் பக்கம் அவள் இருக்கிற வரைக்கும் திறந்தே இருக்கும். உறுதிபூசுதல் எங்கே நடந்தாலும், கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும், செய்தி இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து ஓரத்தில் ஏறும். அதற்காகவே அந்த ஓரத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை அதை யாராவது திறக்கும்போதும் பக்கத்துக் கட்டத்தில் என் பெயர் இருக்கும்.

வீடியோ பார்த்த அன்று ராத்திரி மொட்டைமாடியில் அக்காவிடம் சொன்னேன், முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை என்று. "தெரியும்லே" என்றாள். நான் சொல்லாததால் பிள்ளைக்கு ஏதாவது குறையா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல் மாதிரி கேட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் குறையில்லை. நீ சொல்லாததைச் சொல்லிட்டேன்னு சொல்லியிருந்தா எனக்குக் குறை" என்றாள். பிறகு, "அவ கேக்கும்போதும் இப்படியே சொல்லு" என்றாள்.

அவள் கேட்க இன்னும் பல வருஷம் இருக்கிறது. ஆனால் கேட்கிற அன்று என் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. எங்கள் கரைக்கு 1542இல் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, ஆள் வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று எழுதியிருக்கிறார். அது எல்லாருக்கும் தெரிந்தது. அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பாராம். சனங்கள் நெஞ்சில் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, நம்புகிறோம் என்று உரக்கச் சொல்வார்களாம். முத்துக் குளித்தவர்களும் வலை இழுத்தவர்களும், பன்னிரண்டு தடவை. ஒரே மூச்சில் கடந்து போய்விடாமல் வரிக்கு வரி நின்று கேட்ட அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அப்படித்தான் வேண்டும்.

இப்போது ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஆச்சிக்குப் போன் செய்கிறேன். காது மந்தம் என்பதால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைப்பாள். பழைய பிரமாணத்தைத் திரும்பச் சொல்லிக்கொடு, எனக்குப் பாதி மறந்துவிட்டது, பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடைசிப் பகுதி மட்டும் போதும், தூய ஆவியைச் சொல்கிற "இஸ்பிரீத்துசாந்துவை"யிலிருந்து ஆரம்பி என்றேன். என் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. ஆச்சி முயற்சி செய்து பார்த்தாள். இரண்டு தடவை தடுக்கி நின்றுவிட்டாள்.

"நடுவுல இருந்து எனக்கு வராதுலே. முதல்ல இருந்து சொன்னாத்தான் வரும். நீ ஆரம்பி, நான் பிடிச்சுக்கிடுதேன்."

போனில் பாப்பா அழுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஆச்சி காத்துக்கொண்டிருந்தாள். பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த, என்று ஆரம்பித்தேன்.